லோகநாயகி வீட்டு ஊசி

வல்லேரிப்பாக்கத்தில் குப்பையைப் பிரித்துப் போடும் பழக்கத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டால், ஊரில் யாரும் யோசிக்காமல் லோகநாயகியைத்தான் கைகாட்டுவார்கள். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே போனால் வரும் ஊர் அது. ஒரு பக்கம் இன்னும் நெல் விளைகிறது. மறுபக்கத்துக் கழனிகளெல்லாம் கல் நட்ட மனைகளாகி, மாடி வீடுகள் எழும்பி, காட்டாங்குளத்தூரில் படிக்கிற பிள்ளைகளும் தாம்பரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். ஆட்கள் பெருகப் பெருகக் குப்பையும் பெருகியது. அதை அள்ளி ஏரிக்கரையில் கொட்டிக் கொளுத்துவதுதான் வழக்கமாக இருந்தது. காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால் கொடியில் காயும் துணியெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும்.

லோகநாயகி மகளிர் குழுத் தலைவி. ஐம்பதை நெருங்கும் வயது, கணீரென்ற குரல், யார் வீட்டு அடுப்படிக்கும் போய்ப் பேசுகிற உரிமை. ஊராட்சித் தலைவர் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டார்.

"குப்பையப் பிரிச்சு வாங்குற திட்டம் நம்ம ஊருக்கும் வந்துக்கீதும்மா. வூடு வூடாப் போய்ச் சொல்றதுக்கு உன்ன விட்டா ஆளு இல்ல."

அப்படித்தான் அவள் திட்டத்தின் ஊக்குநராக அந்த வேலையில் இறங்கினாள். முதலில் ஊரே சிரித்தது. பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும் என்று அவள் சொன்னதற்கு, "நாளைக்கு அதுக்குப் பொட்டும் பூவும் வெக்கச் சொல்லுவா" என்று குழாயடியில் கேலி பேசினார்கள். லோகநாயகி விடவில்லை. போன வீட்டுக்கே மறுபடியும் போனாள். பச்சை வாளியில் சோறு, காய்கறி. நீல வாளியில் பாட்டில், கவர், அட்டை. கலந்து போட்ட வாளியை வாசலிலேயே கவிழ்த்து, உட்கார்ந்து, அவளே பிரித்துக் காட்டினாள். வெட்கப்பட்டுக்கொண்டாவது பெண்கள் பழகிக்கொண்டார்கள். ஏரிக்கரையில் புகை நின்றது. அங்கேயே ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். தூய்மைக் காவலர்களாக இருந்த பெண்கள் அதில் நீள மேசை போட்டுப் பிரித்துக் கட்ட, தாம்பரத்தில் பழைய சாமான் மண்டி வைத்திருந்த சௌகத் அலி மினி லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனார். முதல் லோடு கிளம்பிய அன்று கொட்டகைப் பெண்கள் லாரி கண்ணுக்கு மறையும்வரை நின்று பார்த்தார்கள்.

அந்தப் பெண்களில் லோகநாயகிக்கு நெருக்கமானவள் சந்திரிகா. புருஷனை இழந்து, தமிழினி என்ற சின்னப் பெண் குழந்தையோடு ஏரிக்கரைத் தெருவில் ஒற்றை அறையில் இருந்தாள். லோகநாயகியை "அக்கா" என்பாள். "நீ வா, நீ போ" என்று உரிமையோடு பேசுவாள். கோபம் வந்தால் திட்டவும் செய்வாள்.

அவளுக்கு நெருக்கமான இன்னொருவன் வாஜித். பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பையன். காட்டாங்குளத்தூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு, லோகநாயகியின் தெருவிலேயே சம்பந்தம் வீட்டு மாடியில் சிநேகிதர்களோடு வாடகைக்கு இருந்தான். குப்பை வண்டியில் கட்டிய ஒலிபெருக்கிக்கு அறிவிப்பு வேண்டும் என்றபோது, லோகநாயகியைப் பேச வைத்து போனில் பதிவு செய்து, பின்னால் நாதஸ்வரம் சேர்த்துக் கொடுத்தவன் அவன்தான். "வல்லேரிப்பாக்கம் சொந்தங்களே, வணக்கம். மட்கும் குப்பை பச்சையில, மட்காத குப்பை நீலத்துல. ஊசி, பிளேடு, உடைஞ்ச கண்ணாடியை மூடி போட்ட டப்பாவில தனியாக் குடுங்க. குப்பை எடுக்கறதும் நம்ம வீட்டுப் பொண்ணுங்கதான்." கடைசி வரி லோகநாயகியே யோசித்துச் சொன்னது. தினமும் காலையில் அவள் குரல் தெருத்தெருவாகப் போய்வந்தது.

அவள் புருஷன் ஜெயவேலுவுக்குச் சர்க்கரை. மாத்திரையில் கட்டுக்கு வராமல், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெயவேலு நெல் அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறவர். முரட்டு ஆள் என்று பெயர் எடுத்தவர். ஊசி என்று தெரிந்தால் ஊரில் தன்னைப் பாதி செத்தவனாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தார். "யாராண்டயும் மூச்சு வுடாத" என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். போட்ட ஊசிகளை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு பழைய ஊறுகாய் டப்பாவில் சேர்த்துவந்தாள் லோகநாயகி. டப்பா நிறைந்தது. சுகாதார நிலையத்தில் கேட்டுப் பார்த்தாள். வெளியில் போட்ட ஊசியை வாங்கமாட்டோம் என்றார்கள். குப்பை வண்டியில் கொடுத்தால், "யாருக்குக்கா ஊசி?" என்று சந்திரிகா கேட்பாள். அதனால் டப்பா அங்கேயே இருந்தது.

மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் கொட்டகையைப் பார்க்க வந்த அன்று காலையில் எல்லாமே அவசரம். ஜெயவேலு ஊசி போட்டுக்கொண்டு, மூடியை எங்கோ தொலைத்துவிட்டு, ஊசியை மட்டும் அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். டப்பாவில் திணித்துப் பார்த்தாள், மூடி ஏறவில்லை. தெருமுனையில் அவள் குரலே வணக்கம் சொல்லிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. காலியாகக் கிடந்த கோதுமை மாவுப் பாக்கெட்டுக்குள் ஊசியைப் போட்டு, நன்றாகச் சுருட்டி, நீல வாளியில் மற்ற கவர்களுக்கு அடியில் செருகினாள்.

இன்னிக்கு ஒரு நாள்தானே என்று நினைத்தாள். நினைத்ததுகூட முழுசாக இல்லை. புடவை மாற்ற ஓடிவிட்டாள்.

அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், பாராட்டினார்கள். மற்ற ஊராட்சிகளும் வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் பேசினார். லோகநாயகிக்குச் சால்வை போர்த்திப் படம் எடுத்தார்கள். கார்கள் கிளம்பிப் போனதும் பெண்கள் மிச்ச வேலையைப் பார்க்க மேசைக்குத் திரும்பினார்கள். லோகநாயகி சால்வையை இன்னும் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"ஐயோ!" என்று கையை உதறினாள் சந்திரிகா.

ரப்பர் உறையைத் துளைத்து ஊசி உள்ளங்கையில் ஏறியிருந்தது. உறையைக் கழற்றியபோது ஒரு பொட்டு ரத்தம். மேசையில் பாதி பிரிந்து கிடந்தது ஒரு கோதுமை மாவுப் பாக்கெட். லோகநாயகி அதைப் பார்த்தாள். அவள் சுருட்டிய மடிப்பு ஒரு பக்கம் அப்படியே இருந்தது.

"எந்தத் தெரு மூட்டை இது?" என்று கேட்டாள் பச்சையம்மா. கொட்டகையில் வயதில் பெரியவள் அவள்.

"பள்ளிக்கூடத் தெரு."

"அங்க யாருக்கு ஊசி?" பச்சையம்மா கொஞ்சம் யோசித்தாள். "சம்பந்தம் மாடியில காலேஜ் பசங்க கீறானுங்களே. போதை ஊசி போடுறானுங்களாம்ல, டிவில கூடக் காட்டுறான்."

எல்லாரும் லோகநாயகியைத் திரும்பிப் பார்த்தார்கள். அது அவள் தெரு. ஒவ்வொரு வீட்டு வாளியும் அவளுக்குத் தெரியும்.

"இன்னாக்கா, அவனுங்களா இருக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

இல்லை என்றால், பிறகு யார் என்று கேட்பார்கள்.

"இருக்கலாம்" என்றாள் லோகநாயகி.

சந்திரிகாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவளேதான். பணியில் இருந்தது இளம் டாக்டரம்மா. கையைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் போட்ட ஊசின்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"போதை ஊசி போடுற பசங்களுதுன்னு சொல்றாங்க மேடம்" என்றாள் சந்திரிகா.

டாக்டர் லோகநாயகியைப் பார்த்தார். லோகநாயகி தரையைப் பார்த்தாள்.

"அப்படின்னா ரிஸ்க் எடுக்க வேண்டாம். ஒரு மாசம் மாத்திரை தர்றேன், விடாமச் சாப்பிடணும். வாந்தி வரும், தலை சுத்தும். அதுக்காக நிறுத்தக் கூடாது." எழுதிக்கொண்டே டாக்டர் சொன்னார். "அந்த ஆள் யாருன்னு நிச்சயமாத் தெரிஞ்சு, அவங்க ரத்தத்துல ஒண்ணும் இல்லன்னு டெஸ்ட்ல வந்துட்டா மாத்திரையே வேண்டாம். விசாரிச்சுப் பாருங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள் சந்திரிகா. வண்டலூர் தாண்டியதும், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு எய்ட்ஸு வந்துடுமா?"

"சே, அதெல்லாம் ஒண்ணும் வராது."

"உனக்கெப்படித் தெரியும்?"

லோகநாயகி அவள் தோளை அணைத்துக்கொண்டாள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் தன் மடியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம் சம்பந்தம் வீட்டு வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மாடி அறையைக் கலைத்துப் போட்டுத் தேடியதில் அழுக்குத் துணியும் ஈரத் துண்டும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. "ஒளிச்சு வெச்சிருப்பானுங்க" என்றார்கள். சம்பந்தம் நல்ல மனுஷர்தான், ஆனால் கூட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "இன்னிக்கே காலி பண்ணிடுங்கப்பா, எனக்குப் பேஜாரு வேணாம்" என்றார்.

வாஜித் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். வாசலில் நின்ற பெண்களுக்கு நடுவே லோகநாயகியைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

"ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. எங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியும்ல?"

எத்தனை பேர் அவள் வாயையே பார்த்தார்கள்! ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொன்னது வேறு.

"பெரியவங்க சொல்றாங்க. கொஞ்ச நாளைக்கு வேற எடத்துல இருந்துக்கோங்கப்பா."

அவன் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு, காலையில் வண்டி வரும் நேரம் வந்தாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊசி, பிளேடு, உடைஞ்ச கண்ணாடியைத் தனியாக் குடுங்க என்று அவள் குரலே அவள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனது. வண்டி ஓட்டுகிறவனிடம், "அது பழசாயிடுச்சு, போடாதடா" என்று சொல்லிப் பார்த்தாள். "வேற ஏதுக்கா நம்மகிட்ட?" என்று கேட்டுவிட்டு அதையே போட்டான்.

ஜெயவேலுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"வாய மூடிகினு இரு. எனக்கு ஒரு நோயும் கெடையாது, அவளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஒரு மாசம் மாத்திரைதானே? சாப்ட்டுட்டுப் போறா."

இப்படியும் ஒரு மனுஷனா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அடுத்த நொடியே அடங்கிவிட்டது. அவர் சொன்னதைத்தானே அவளும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்? ஒரு மாதம் போகட்டும், எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் வெளியே சொன்னார், அவள் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சந்திரிகாவால் வேலைக்கு வர முடியவில்லை. மாத்திரை போட்டால் குடலைப் புரட்டிக்கொண்டு வந்தது. லோகநாயகி தினமும் கஞ்சி காய்ச்சி, நார்த்தங்காய் ஊறுகாயோடு தூக்கில் எடுத்துக்கொண்டு போனாள். போகாமலும் இருக்க முடியவில்லை, போனால் நிற்கவும் முடியவில்லை.

"ஊர்ல ஒருத்தர் எட்டிப் பாக்கலக்கா. கொட்டகைல இருக்கறவங்களே தள்ளி நின்னு பேசுறாங்க. நீ ஒருத்திதான்" என்றாள் சந்திரிகா. கண் குழி விழுந்து, உதடு வெடித்திருந்தது. "எங்க அம்மா இருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்காது."

அந்த வார்த்தை லோகநாயகியின் மேல் கொதிக்கிற எண்ணெயாக விழுந்தது.

அப்போது பால்வாடியிலிருந்து தமிழினி ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அம்மா மடியில் ஏறப் போனாள். சந்திரிகா சடாரென்று பின்னால் நகர்ந்து, "தொடாத! தள்ளிப் போ!" என்று கத்தினாள். குழந்தை திகைத்து நின்றது. பிறகு, இது பழகிப்போன விஷயம்போல, மூலையில் இருந்த தன் தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தது. சந்திரிகாவின் தட்டும் டம்ளரும் வாசலுக்கு வெளியே தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவளே அப்படிப் பிரித்து வைத்திருந்தாள்.

"அது கிட்ட வந்தா பயமாக்கீதுக்கா" என்றாள் சந்திரிகா. "எனக்கு வந்தா பரவால்ல. அதுக்கு யாரு இருக்கா?"

லோகநாயகி எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள்.

"சந்திரிகா, அது அந்தப் பசங்க ஊசி இல்ல. எங்க வூட்டு ஊசி. அவருக்குச் சர்க்கரைக்குப் போடுறது. நான்தான் மாவு கவர்ல வெச்சுப் போட்டேன்."

சந்திரிகாவுக்கு அது உடனே புரியவில்லை. புரிந்தபோதும் அவள் கத்தவில்லை.

"எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே. மேசையிலயே அந்தக் கவரப் பாத்தேன்."

"ஆஸ்பத்திரில டாக்டரம்மா கேட்டப்போ?"

"தெரியும்."

"பஸ்ல நான் உன்னக் கேட்டப்போ?"

"தெரியும்."

"தெனமும் கஞ்சி எடுத்துகினு வந்தியே, அப்போ?"

சந்திரிகா கஞ்சித் தூக்கை எடுத்து, மூடியை அழுத்தி மூடி, வாசற்படிக்கு வெளியே வைத்தாள்.

"எடுத்துகினு போ. போய் உன் வூட்டுக்காரரக் கூட்டிகினு ஆஸ்பத்திரிக்கு வா. ரத்தம் குடுக்கட்டும். நான் புள்ளையத் தூக்கணும்."

ஜெயவேலு முதலில் துள்ளிக் குதித்தார். சத்தியம் பண்ணிக் கொடுத்ததை ஞாபகப்படுத்தினார். லோகநாயகி அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "நீங்க வந்தாலும் வராட்டியும் நான் ஊர்ல சொல்லத்தான் போறேன். வந்தா அவளுக்கு மாத்திரையாவது நிக்கும்" என்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் அவளோடு உட்காரவில்லை. முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது. "ஏம்மா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொன்னதும், சந்திரிகா பெஞ்சில் குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். லோகநாயகி தோளைத் தொடப் போன கையை இழுத்துக்கொண்டாள். அந்த உரிமை இப்போது இல்லை.

அந்த வாரக் குழுக் கூட்டம் கொட்டகையிலேயே நடந்தது. லோகநாயகி எழுந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். புருஷன் ஊசியை மறைக்கச் சொன்னதைச் சொல்லும்போது மட்டும், அது சாக்கு ஆகிவிடும் என்று தோன்றி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இருக்கலாம்னு சொன்னது நான்தான். அந்தப் பசங்க வெளிய போகும்போது பாத்துகினு நின்னதும் நான்தான்" என்று முடித்தாள்.

பச்சையம்மா சொன்னாள்: "எங்க வாளியெல்லாம் நடுத்தெருவுல கவுத்துப் பாத்தியேம்மா. உன் வாளிய யாரு கவுத்துப் பாக்கறது?"

ஊக்குநர் வேலையை லோகநாயகி அன்றே விட்டுவிட்டாள். குழுத் தலைமையையும் வேறு ஒருத்தியிடம் கொடுத்தார்கள். ஊரில் பலர், சொல்லிக்கொடுத்தவளே இப்படி என்றால் நமக்கென்ன என்று, எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்ட ஆரம்பித்தார்கள். சாம்பார் ஒட்டிய கவர்கள் மேசைக்கு வந்தன. சௌகத் அலி ஒரு தடவை மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதை மண்டியில எறக்க முடியாதும்மா, நாறிடும்" என்று வெறும் லாரியோடு திரும்பிப் போனார். ஏரிக்கரையில் மறுபடியும் யாரோ ஒரு குவியலுக்குத் தீ வைத்தார்கள். லோகநாயகி அந்தப் புகையைத் தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாள். ஒரு ஊசியோடு போயிருக்க வேண்டியது, அவள் வாயை மூடிக்கொண்டதால் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

யாரும் கூப்பிடாமலே அவள் கொட்டகைக்குப் போனாள். உறையைப் போட்டுக்கொண்டு மேசையின் கடைசியில் நின்று, ஈரக் கவர்களைப் பிரித்தாள். முதல் நாள் அவளோடு யாரும் பேசவில்லை. சந்திரிகா மட்டும் ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டு, "இதையும் பாத்துடுங்க" என்றாள்.

பாத்துடுங்க! திட்டியிருந்தால் தேவலை. இத்தனை வருஷமாக நீ, வா, போ என்று பேசியவள் கொடுத்த அந்த மரியாதை, லோகநாயகிக்கு முகத்தில் கதவைச் சாத்தியதுபோல இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை சந்திரிகா அவளை "நீங்க" என்றுதான் பேசுகிறாள். அக்கா என்று கூப்பிடுவதில்லை.

ஊசிக்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று ஒன்றிய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். ஆஸ்பத்திரிகளின் ஊசிகளை எடுத்துப் போகிற வண்டி, வல்லேரிப்பாக்கத்துக்கும் வர வேண்டும் என்றாள். ஒரு கிராமத்துக்காக வண்டி வராது என்றார்கள். பக்கத்து ஊராட்சிகளிலும் போய்ப் பேசி, எல்லா ஊருக்குமாகச் சேர்த்துக் கேட்டாள். ஒருவழியாக வண்டி வர ஆரம்பித்தது. கொட்டகைச் சுவரில் பூட்டு வைத்த மஞ்சள் டப்பா ஒன்று மாட்டினார்கள். முதல் சில நாள் அதில் யாருமே எதுவும் போடவில்லை. தன் வீட்டில் ஊசி இருப்பதைக் காட்டிக்கொள்ள யாருக்கும் மனசில்லை. ஒரு நாள் பட்டப்பகலில், கடைவீதி வழியாகவே, ஜெயவேலு சைக்கிளில் ஊறுகாய் டப்பாவோடு வந்தார். கொட்டகைப் பெண்கள் பார்க்க, எல்லா ஊசியையும் மஞ்சள் டப்பாவுக்குள் கொட்டினார். மனைவியைத் திரும்பிப் பார்க்காமலே போய்விட்டார். அதற்கப்புறம் மற்ற வீடுகளிலிருந்தும் வர ஆரம்பித்தது. இத்தனை வீட்டில் ஊசியா என்று ஊரே ஆச்சரியப்பட்டது.

வாஜித்தைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் நாளாயிற்று. பொத்தேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு நெருக்கடியான மேன்ஷனில் இருந்தான். லோகநாயகி படியேறிப் போய்க் கதவைத் தட்டினாள். அவன் திறந்து பார்த்துவிட்டு, "வாங்க ஆன்ட்டி" என்றான். கட்டிலில் கிடந்த துணியை அவசரமாக ஒதுக்கி உட்காரச் சொன்னான்.

அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"பரவால்ல ஆன்ட்டி" என்றான்.

"பரவால்லன்னு சொல்லாதப்பா."

"ஹவுஸ் ஓனர் எங்க வீட்டுக்கு போன் பண்ணிட்டாரு. வாப்பா அன்னிக்கே பஸ் ஏறி வந்துட்டாங்க. ஒண்ணும் கேக்கல. என் சட்டைக் கையை மடிச்சுவிட்டு, ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க." வாஜித் தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் பாத்தாங்க ஆன்ட்டி."

"நான் உங்க வாப்பாகிட்டப் பேசுறேன். நம்பர் குடு."

வாஜித் கொடுத்தான். அவள் அங்கேயே உட்கார்ந்து பேசினாள். எதிர்முனையில் அந்த மனிதர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கடவுளுக்கு நன்றி மட்டும் சொன்னார். வேறு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். சம்பந்தம் மாடியைத் திரும்பத் தருவதாகச் சொல்கிறார் என்று வாஜித்திடம் சொன்னபோது, "வேணாம் ஆன்ட்டி, இங்க காலேஜுக்குப் பக்கம்" என்றான். கீழே வந்து டீ வாங்கிக் கொடுத்து, ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்து ரயில் ஏற்றிவிட்டுத்தான் போனான். ஊரப்பாக்கம் வரும்வரைக்கும், சட்டைக் கையை மடித்துவிடுகிற அந்தக் கை அவள் கண்ணைவிட்டு அகலவில்லை.

இப்போது வல்லேரிப்பாக்கத்தில் முக்கால்வாசி வீடுகள் மறுபடியும் பிரித்துத்தான் போடுகின்றன. சௌகத் அலியின் லாரி நிறைந்துதான் போகிறது. சந்திரிகாவின் கையில் தழும்புகூட இல்லை. லோகநாயகி காலையில் கொட்டகைக்குப் போய் மத்தியானம் வரை மேசையில் நிற்கிறாள். யாராவது புதிதாகக் குடிவந்தால் வாளி கொடுத்துவிட்டு வருகிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் சம்பந்தம் வீட்டு மாடிக்குச் சிட்லபாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன் பேங்கில் வேலை, அந்தப் பெண் வீட்டிலேயே இருக்கிறாள். லோகநாயகி இரண்டு வாளிகளோடு படியேறினாள். அந்தப் பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வாளிகளை வாங்கி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, இங்க முன்னாடி இருந்த காலேஜ் பசங்க ஏதோ போதை ஊசியெல்லாம் போடுவாங்களாமே? பக்கத்து வீட்ல சொன்னாங்க. வீட்டைக் கழுவிவிட்டுத்தான் பால் காய்ச்சினோம்."

அவள் குழுக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் சொன்னதுதான். அப்படியும் அந்தப் பேச்சு இன்னும் தெருவில் நடமாடிக்கொண்டிருந்தது. ஒருமுறை சொல்லித் தீர்த்துவிட்டோம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"இல்லம்மா" என்றாள் லோகநாயகி. படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். "அந்தப் பசங்க ரொம்ப நல்ல பசங்க. அது எங்க வூட்டு ஊசி. எப்படின்னு சொல்றேன், கேளு."